மிமோசாவின் மூக்கு

வியாழக்கிழமை காலை ஆறே முக்கால்.

சார்ஜென்ட் டொர்வலீனோ கொட்டகையை விட்டு வெளியே வந்து, காவலுக்கு நின்ற சிப்பாயிடம், "மிமோசாவுல துப்பாக்கி இல்ல. கர்னலுக்குப் போய்ச் சொல்லு" என்றார். இன்றைக்குப் பால்காரன் வரவில்லை என்று சொல்கிற தொனி. சிப்பாய் வால்மோர் இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் ஓட்டமெடுத்தான்.

மிமோசா என்பது பசுமாட்டுக்கு வைக்கிற பெயர். இந்த மிமோசாவுக்கோ ஆறு சக்கரம், ஒரு பீரங்கி, மேல்மூடியருகே ஓர் இயந்திரத் துப்பாக்கி. பிரேசிலிலேயே செய்த கஸ்கவெல் கவச வண்டி. அதைச் செய்த தொழிற்சாலையை இழுத்து மூடிப் பத்து வருஷம் ஆகிறது. ஓர் உதிரி பாகம் வேண்டுமென்றால் செத்த வண்டியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். டொர்வலீனோ அப்படிப் பிரித்துப் பிரித்து ஒட்டி, மிமோசாவை இத்தனை காலம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை ரெஜிமென்ட் முழுதும் சரந்தி ஆற்றங்கரைப் பயிற்சியிலிருந்து திரும்பியிருந்தது. ஜூலை மாதத்து மழை. கொட்டென்று கொட்டித் தீர்த்தது. ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், மேல் துப்பாக்கிகளைக் கழற்றி வண்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிடுங்கள், வண்டிகளைக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று கர்னலே உத்தரவு போட்டார். காலையில் பார்த்தால் மிமோசாவின் பூட்டு பூட்டியபடி இருக்கிறது. உள்ளே துப்பாக்கி இல்லை. சாவி டொர்வலீனோவிடம்.

எட்டு மணிக்கு கர்னல் வஸ்கொன்செலோஸ், கேப்டன் நொயெமியைக் கூப்பிட்டனுப்பினார். நொயெமி கால்நடை மருத்துவர். குதிரைப் படையாக இருந்து கவச வண்டிப் படையாக மாறிய ரெஜிமென்ட் அது. அணிவகுப்புக்கென்று மிச்சம் வைத்திருந்த பதினோரு குதிரைகள்தான் அவள் ராஜ்ஜியம்.

"மாட்டு டாக்டரம்மா, நீங்கதான் விசாரணை அதிகாரி" என்றார் கர்னல்.

"நானா சார்? எனக்கு லாடம் அடிக்கிற வேலை இருக்கு."

"இங்க ரெண்டு கட்சி. உள்நாட்டு வண்டி ஓட்டற சக்கரக் கட்சி, வெளிநாட்டு டாங்கி ஓட்டற சங்கிலிக் கட்சி. எவனைப் போட்டாலும் மத்தவன் என் பேரை நாறடிப்பான். நீங்க ரெண்டுலயும் இல்ல."

"நான் குதிரைக் கட்சி."

"அதனாலதான் உங்களுக்கு நேரமும் இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு போர்ட்டோ அலெக்ரேயிலேர்ந்து மிலிட்டரி போலீஸ் வண்டி வரும். டொர்வலீனோ அதுல ஏறுவான். அதுக்குள்ள தாளெல்லாம் சரியா இருக்கணும்."

"இது விசாரணையா சார், வழியனுப்பு விழாவா?"

கர்னல் சிரிக்கவில்லை. துப்பாக்கியை வண்டியிலேயே விடச் சொன்னவர் அவரே. சீக்கிரமாக ஒரு திருடன் கிடைத்தால் தன் தலை தப்பும். திருடனாகப் போகிறவருக்கோ டிசம்பரில் ஓய்வு. குற்றம் உறுதியானால் ஓய்வூதியமும் போச்சு, மரியாதையும் போச்சு, சில வருஷம் சிறை வேறு.

*

கொட்டகையில் கஸ்கவெல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் தலையிலிருந்து கால்வரை செம்மண் சேறு. நொயெமி விசாரணைத் தாள்கள் இருந்த வெள்ளைக் கோப்பினை மிமோசாவின் முன்பக்கத்து மூக்குத் தகட்டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, எப்படி ஏறுவதென்று அண்ணாந்து பார்த்தாள்.

"இப்படிப் பக்கத்துல வாங்க கேப்டன்" என்றான் வால்மோர். "முன்சக்கரத்துல ஒரு கால், அந்தக் கொக்கியில ஒரு கை, ஒரே எம்பு. எங்க ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டு ஏறுவாங்க."

"முன்பக்கமா ஏறினா என்ன?"

"சரிவு கேப்டன். வழுக்கிட்டு வந்து பல்லு போயிடும். எவனும் அப்படி ஏற மாட்டான்."

நொயெமி எம்பினாள். மேலே போய்ச் சேர்வதற்குள் கால்சட்டை, முழங்கை, மருத்துவக் கோட்டு எல்லாம் சேறு. மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டவள், உடனே வெளியே எடுத்தாள்.

"என்னய்யா இது, ஆட்டுக்கறிக் கடை மாதிரி?"

வால்மோர் கெக்கலித்தான். "சார்ஜென்ட் வேலை கேப்டன். ராணுவம் குடுக்கற எண்ணெய் மேல அவருக்கு நம்பிக்கையே கிடையாது. துப்பாக்கி இரும்புக்கும் கட்டைக்கும் செம்மறியாட்டுக் கொழுப்புதான் பூசுவாரு. துரு அண்டாதாம். சங்கிலிக்காரனுங்க எங்களைக் கண்டாலே 'மே மே'ன்னு கத்துவானுங்க."

"வேற யாராவது இப்படிப் பூசறாங்களா?"

"இவர் ஒருத்தர்தான். மத்த வண்டிக்காரன் பூசினா அவனைத் தனியாப் படுக்கச் சொல்லிடுவோம்."

பூட்டைப் பார்த்தாள். கீறல் இல்லை, நெளிசல் இல்லை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். கீழே இறங்கி, கையைத் துடைத்துவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

*

டொர்வலீனோவைக் காவலர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் சாவகாசமாக மாட்டே என்கிற இலைத் தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தார். சுரைக்குடுக்கையில் பச்சைத் தூளை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெந்நீர் விட்டு, முதல் குடுக்கையைத் தானே உறிஞ்சித் தீர்த்தார். மறுபடி நிரப்பி அவளிடம் நீட்டினார். நொயெமி வெள்ளிக் குழலில் உறிஞ்சியபடியே கேட்டாள்.

"ராத்திரி சாவி எங்க இருந்துச்சு?"

"என் யூனிஃபார்ம் பையில."

"ராத்திரி பூரா?"

"பூரா."

"வேற யாராவது எடுத்திருக்கலாமா?"

"வாய்ப்பே இல்ல."

"நகல் சாவி?"

"கிடையாது."

"கம்பி விட்டுத் திறந்திருந்தா?"

"அந்தப் பூட்டைத் திறக்க இன்னொருத்தன் பொறந்து வரணும், கேப்டன்."

நொயெமி காலிக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள். இருபது வருஷத்தில் எத்தனையோ சிப்பாய்களின் பொய்யைக் கேட்டிருக்கிறாள்; குதிரையைப் பட்டினி போட்டவன்கூட 'யாரோ தீனியைத் திருடிட்டாங்க மேடம்' என்றுதான் சொல்வான். மாட்டிக்கொண்டவன் ஓட ஒரு சந்து தேடுவான். இந்த மனுஷன் ஒவ்வொரு கதவாகத் தன் மேலேயே சாத்திக்கொள்கிறாரே!

"அப்படின்னா நீங்கதான் எடுத்தீங்க."

"எழுதிக்கோங்க."

"துப்பாக்கி எங்க?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"ஒருத்தனுக்கு."

"எங்க வெச்சு?"

டொர்வலீனோ சுரைக்குடுக்கையை உற்றுப் பார்த்தார். "வெளிய."

"நேத்து ராத்திரி வாசக்கதவுல ரெண்டு காவல். எட்டு மணிக்கு மேல ஒரு எலிகூட வெளிய போகலன்னு சொல்றாங்க. ஒங்க குடியிருப்பும் வேலிக்குள்ளதான் இருக்கு. பத்து கிலோ துப்பாக்கிய எப்படி வெளிய கொண்டுபோனீங்க? முழுங்கிட்டா?"

"கேப்டன், எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம் என்ன?"

அப்போது கதவு தட்டப்பட்டது. சாப்பாட்டுத் தூக்கும் ஒரு துணிப்பையுமாக வந்து நின்றவன் கார்ப்போரல் ஜில்மார். டொர்வலீனோவின் ஒரே மகன். ஆனால் சங்கிலிக் கட்சி. வெளிநாட்டிலிருந்து வந்த லெப்பர்ட் டாங்கிகளுக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாகத் தேறியவன். அடுத்த மாதம் ஐரோப்பாவுக்குப் பயிற்சிக்குப் போக ரெஜிமென்ட்டிலிருந்து ஒரே ஒரு பெயர் தேர்வாகியிருந்தது. அது இவன் பெயர்.

"அம்மா குடுத்தாங்க" என்றான், தகப்பனைப் பார்க்காமல். "சாப்பாடும், யூனிஃபார்மும்."

நொயெமி பையைப் பிரித்தாள். மடித்த சட்டையும் கால்சட்டையும். "எந்த யூனிஃபார்ம் இது?"

"நேத்து நனைஞ்சது, மேடம். வந்த உடனே அம்மா துவைச்சு அடுப்புக்கு மேல காயப் போட்டாங்க."

டொர்வலீனோ குடுக்கையை நிரப்பி மகனிடம் நீட்டினார். ஜில்மார் கையில்கூட வாங்கவில்லை. "நன்றிப்பா" என்றான்.

மாட்டே குடித்து முடித்து, போதும் என்பவன்தான் நன்றி சொல்வான். ஒரு மிடறுகூடக் குடிக்காமல், அதுவும் அப்பன் நீட்டியதை! நொயெமி அவன் முகத்தைப் பார்த்தாள். ஈயாடவில்லை. பாவம், அப்பனைக் கம்பிக்குப் பின்னால் பார்த்தால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும் என்று அப்போதைக்கு நினைத்துக்கொண்டாள்.

*

மதியம் ஒன்றரை. டாங்கிக் கொட்டகை.

லெப்டினென்ட் எய்ட்டோர் ரியோ நகரத்துக்காரன். இந்த ஊர்க் குளிரையும் மாட்டேயையும் கஸ்கவெல்களையும் ஒரே அளவுக்கு வெறுத்தான்.

"இங்க எதுக்கு வந்தீங்க கேப்டன்? காணாமப் போனது அந்தத் தகரடப்பாவுல. காலையிலயே எங்க துப்பாக்கிகளை எண்ணிக் கணக்கு குடுத்தாச்சு. எண்ணிக்கை சரி."

"நம்பர் பார்த்தீங்களா?"

"எண்ணிக்கை சரின்னா நம்பர் எதுக்கு? நம்மகிட்டயா காணாமப் போச்சு?"

"ரெண்டு வண்டிக்கும் ஒரே ரகத் துப்பாக்கிதானே?"

"துப்பாக்கி ஒண்ணுதான். வண்டிதான் வேற." அவன் டாங்கியைப் பெருமையோடு தட்டினான். "நேத்து வெள்ளத்துல ஆத்தைக் கடந்தோம். சும்மா கப்பல் மாதிரி. துறையில பாறை மேல ஏறி ஒரு குலுக்கு குலுக்கினப்போ என் பல்லே ஆடிப்போச்சு, ஆனா வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

"மேல் துப்பாக்கி அப்ப மேலதான் இருந்துச்சா?"

"மழை நல்லா அடிச்சதுல மூடியைச் சாத்திட்டேன். கரையேறிப் பார்த்தேன், மேல இல்ல. கேட்டதுக்கு, மழைக்கு உள்ள எடுத்து வெச்சுட்டேன்னு ஜில்மார் சொன்னான். பொறுப்பான பையன்."

நொயெமி டாங்கியின் பக்கவாட்டில் போய், சங்கிலிப் பட்டை மேல் கால் வைக்கப் போனாள்.

"ஐயோ கேப்டன்! எடுங்க காலை!" கொட்டகையின் மறுகோடியிலிருந்து ஜில்மார் ஓடி வந்தான். "முன்னாடி வழியா வாங்க. எங்க பயிற்சியில முதல் நாளே மண்டையில தட்டிச் சொல்வாங்க: ஓட்டுறவன் கண்ணுல படற மாதிரி, மூக்கு மேல கால் வெச்சு நேரா ஏறணும். பக்கத்துல ஏறி, அந்த நேரம் சங்கிலி நகர்ந்துச்சுன்னா கால் போயிடும்."

"நிக்கிற வண்டிதானே தம்பி?"

"நின்னாலும்தான். தூக்கத்துல எழுப்பி ஏறச் சொன்னாக்கூட முன்னாடிதான் ஏறுவோம்."

முன்பக்கமாகவே ஏறினாள். பீரங்கிக் கூண்டுக்குள் தலையை விட்டாள். டாங்கியின் உட்புறம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். மூலையில், துணி சுற்றி, துப்பாக்கி. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"மத்தியானம் மெஸ்ல என்ன சாப்பாடு?"

"பீன்ஸும் சோறும், மேடம்" என்றான் ஜில்மார்.

"ஆட்டுக்கறி இல்லையா?"

"இல்லையே, மேடம். ஏன்?"

"சும்மா கேட்டேன். பசிக்குது."

*

குதிரை லாயத்தை ஒட்டிய தன் அறைக்கு வந்தபோது மணி இரண்டரை. சேறு அப்பிய கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கால்சட்டையில் சேறு, முழங்கையில் சேறு. மேஜையில் கோப்பைப் போட்டாள்.

வெள்ளைக் கோப்பு. பளிச்சென்று கிடந்தது.

நொயெமி அதைத் திருப்பினாள். பின்பக்கமும் வெள்ளை. சேற்றில் முக்கி எடுத்த வண்டியின் மூக்கில் சாய்த்து வைத்த கோப்பு!

கோட்டுகூடப் போடாமல் மழையில் கஸ்கவெல் கொட்டகைக்கு ஓடினாள். வால்மோர் பதறி எழுந்து விறைத்தான். அவள் அவனைக் கவனிக்கவில்லை. மிமோசாவின் மூக்கிலிருந்து கூண்டு வரை, ஓர் ஆள் ஏறுகிற அகலத்துக்கு, துடைத்து எடுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் புதன்கிழமைச் சேறு வெடித்துக் கிடக்க, அந்தப் பட்டை மட்டும் பச்சை வண்ணம் தெரிந்தது. கூண்டின் விளிம்புக்குக் கீழே, துடைத்த கை எட்டாத ஒரு மடிப்பில், பூட்ஸ் நுனி ஒன்று அரை நிலாவாகப் பதிந்திருந்தது. நுனி கூண்டைப் பார்த்திருந்தது.

"வால்மோர், இன்னிக்கு யாராவது இந்த வண்டியைக் கழுவினீங்களா?"

"கழுவ வேண்டாம்னு கர்னல் நிறுத்திட்டாரே, கேப்டன். காலையிலேர்ந்து எவனும் தொடல."

"உனக்கு முன்னாடி காலையில உள்ள போனது யாரு?"

"சார்ஜென்ட் மட்டும்தான். ஒரு கால் மணி நேரம் உள்ள இருந்துட்டு அப்புறம்தான் வந்து சொன்னாரு."

*

மூன்றே முக்கால். கர்னலின் அறை. ஜன்னலுக்கு வெளியே மிலிட்டரி போலீஸ் வண்டி முன்னதாகவே வந்து நின்றிருந்தது. டொர்வலீனோ நின்றுகொண்டிருந்தார்; அவருக்குப் பின்னால் இரண்டு காவலர்கள். எய்ட்டோரையும் ஜில்மாரையும் நொயெமி வரச் சொல்லியிருந்தாள்.

"தாள் ரெடியா, டாக்டரம்மா?"

"ரெடி சார். ஆனா பேர் மாறுது."

கர்னலின் பேனா அந்தரத்தில் நின்றது.

"நேத்து ராத்திரி மிமோசா மேல ஏறினவன் முன்பக்கமா ஏறியிருக்கான்" என்றாள் நொயெமி. "கஸ்கவெல் ஆளுங்க சக்கரத்துல கால் வெச்சுப் பக்கவாட்டுல ஏறுவாங்க. வழுக்குற மூக்குல எவனும் ஏற மாட்டான். முன்னாடி ஏறுற பழக்கம் டாங்கிக்காரங்களுக்குத்தான். தூக்கத்துல எழுப்பினாக்கூட அப்படித்தான் ஏறுவாங்களாம்."

"முன்பக்கமா ஏறினான்னு எப்படித் தெரியும்? காலடி இருந்துச்சா?"

"ஒரே ஒரு பூட்ஸ் நுனிதான் மிச்சம், சார். மத்ததைத் துடைச்சிருந்துச்சு. வண்டி பூரா சேறு, அங்க மட்டும் இல்ல. இருக்கறதைத்தான் எல்லாரும் பார்த்தோம். நானே என் கோப்பை அது மேல சாய்ச்சு வெச்சுட்டு, தெரியாம வந்துட்டேன்."

"சரி, ஒரு சங்கிலிக்காரன் ஏறினான், இறங்கும்போது துடைச்சுட்டான்."

"ஷூ போடறப்போ எந்தக் காலை முதல்ல விடுவீங்க, சார்?"

கர்னல் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "தெரியலையே."

"உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க, டக்குனு சொல்லுவாங்க. நம்ம பழக்கம் நமக்குத் தெரியாது, பார்க்குறவங்களுக்குத்தான் உறுத்தும். டாங்கிக்காரனுக்கு முன்னாடி ஏறுறது மூச்சு விடற மாதிரி. அதுல ஒரு தடயம் இருக்குன்னே அவன் மண்டையில ஏறியிருக்காது. அந்தக் காலடியைப் பார்த்து 'இதென்ன, எவனோ மூக்கு மேல ஏறியிருக்கானே'ன்னு திடுக்கிடறவன் ஒரு சக்கரக்காரனாத்தான் இருக்கணும். திருடினவன் ஒருத்தன், துடைச்சவன் வேற ஒருத்தன்."

எல்லார் கண்ணும் டொர்வலீனோ மேல் திரும்பியது. அவர் சுவரைப் பார்த்தார்.

"சார்ஜென்ட் சாவி யூனிஃபார்ம் பையில இருந்துச்சுன்னாரு. அந்த யூனிஃபார்ம் ராத்திரி பூரா துவைச்சு அடுப்புக்கு மேல காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சாவி வீட்டுல எங்கயோ கிடந்திருக்கு. அதை எடுக்கணும்னா அந்த வீட்டுக்குள்ள இருக்கணும். டாங்கிக்காரனா இருக்கணும். அவனுக்காக இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போகவும் தயாரா இருக்கணும். மூணும் பொருந்துற ஆள் ஒருத்தன்தான் சார். கார்ப்போரல் ஜில்மார்."

"பொய்!" டொர்வலீனோ கத்தினார். "நான்தான் எடுத்தேன். எழுதிக் குடுத்துட்டேனே!"

"துப்பாக்கி எங்க இருக்குன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

டொர்வலீனோவின் கண் மகன் பக்கம் போனது.

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். லெப்டினென்ட் எய்ட்டோரோட டாங்கிக்குள்ள, துணி சுத்தி, மூலையில இருக்கு. பீன்ஸும் சோறும் சாப்பிடறவங்க டாங்கியில செம்மறியாட்டுக் கொழுப்பு வாசம் எப்படி வரும்? நான் மாட்டு டாக்டர், சார். எந்தக் கொழுப்பு எந்த உருப்படியோடதுன்னு இந்த மூக்குக்குத் தெரியும். நம்பரைப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க."

எய்ட்டோர் ஓடினான். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "மிமோசாவோட நம்பர்தான், சார்."

"அப்ப உன் டாங்கியோட துப்பாக்கி எங்கய்யா?" கர்னல் மேஜையைக் குத்தினார்.

"ஆத்துல" என்றாள் நொயெமி. "பாறையில டாங்கி குலுங்கினப்போ விழுந்திருக்கணும். மழைக்கு உள்ள எடுத்து வெச்சுட்டேன்னு ஜில்மார் சொன்னதை எல்லாரும் நம்பிட்டாங்க. விடிஞ்சா துப்பாக்கிக் கணக்கு காட்டணும். ஐரோப்பாப் பயணம் அடுத்த மாசம். வேற துப்பாக்கி எங்க கிடைக்கும்? வீட்டுல சாவி இருந்துச்சு."

மணி நான்கு. வெளியே போலீஸ் வண்டியைக் கிளப்பிய சத்தம் கேட்டது.

"கேப்டன்" என்றார் டொர்வலீனோ. இப்போது குரலில் அதிகாரமும் இல்லை, வீம்பும் இல்லை. "என்னையே ஏத்திவிடுங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எனக்கு டிசம்பரோட முடியுது. அவனுக்கு இப்பதான் ஆரம்பம். ஒரு பேரைத்தானே மாத்தணும்?"

அந்த மனுஷன் கேட்டதைக் கொடுத்துவிடலாமா என்று நொயெமிக்கு ஒரு நொடி தோன்றியது. "முடியாது, சார்ஜென்ட்" என்றாள்.

ஜில்மார் அதுவரை தொப்பியைக் கையில் கசக்கியபடி நின்றிருந்தான். "உள்ள வெச்சு நாலு நாள்ல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்ப்பா" என்றான். "காணாமப் போச்சுன்னுதான் எழுதுவாங்க, திருட்டுன்னு எழுதுவாங்கன்னு தெரியாது. தெரிஞ்சப்புறம்... வாயே வரல. நீங்க துடைச்சதும் எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"துப்பாக்கிக்குக் கொக்கி மாட்டலையா?" என்றார் டொர்வலீனோ.

"மறந்துட்டேன்."

கர்னல் பெருமூச்சு விட்டு, தாளில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். "கார்ப்போரலை வண்டியில ஏத்துங்க. சார்ஜென்ட் தடயத்தை அழிச்சதுக்கும் பொய் சொன்னதுக்கும்..."

"வண்டியைக் காலையில கழுவுங்கன்னு நேத்து நீங்கதான் சார் உத்தரவு போட்டீங்க" என்றாள் நொயெமி. "ஒரு பட்டை கழுவியிருக்காரு. அதுக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டனை இல்ல. துப்பாக்கியை வண்டியில விடச் சொன்னது யாருங்கறதையும் நான் இன்னும் எழுதல."

கர்னல் பேனாவை மூடினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காவலர்கள் ஜில்மாரின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். டொர்வலீனோ மகனுக்கு எதிரே போனார். அடிக்கப் போகிறாரென்று எய்ட்டோர் ஓரடி முன்னால் வந்தான். அவர் அடிக்கவில்லை. மகனின் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டார்.

"எந்த எடத்துலடா விழுந்துச்சு?"

"துறையில. பெரிய பாறைக்கு இந்தப் பக்கம். ஒரே வெள்ளம்ப்பா, ஆளை முழுங்கற ஆழம்."

டொர்வலீனோ காலரிலிருந்து கையை எடுத்தார்.

"அடப் பாவி. வெள்ளம் வடிஞ்சா அங்க முழங்கால் தண்ணிதானேடா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஞாயித்துக்கெழமை நானே நடந்து போயி எடுத்துக் குடுத்திருப்பேனேடா."